குரங்கணிக்காக யார் பேசுகிறார்கள்?

(போடிநாயக்கனூரில் சிறு வியாபாரிகளும் குரங்கணிப் பகுதி ஜீப், தங்குமிட உரிமையாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஏலக்காய், மிளகு, காபி விற்கிறவர்கள் வந்திருக்கிறீர்கள். குரங்கணிக்கும் கொட்டகுடிக்கும் ஜீப் ஓட்டும் தம்பிகள், அடிவாரத்தில் இரண்டு மூன்று அறை கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள், மெஸ் நடத்தும் அக்காமார்கள், இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். நம் தொழிலை இணையத்தில் எப்படித் தெரிய வைப்பது என்று பேசச் சொன்னார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது திறக்கும் என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளை என்னைவிட நன்றாகச் சொல்லிவிடும். அங்கே போய் நாம் என்ன சொல்லப் போகிறோம், சொன்னதற்கு யார் பொறுப்பு ஏற்பது என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

கையில் போன் இருக்கிறவர்கள் இப்போதே 'குரங்கணி' என்று தேடிப் பாருங்கள். முதலில் வருவது தீ. 2018 மார்ச் 11. மலையேற வந்து மாட்டிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்குக் கீழே, ஓர் இரவு தங்கிவிட்டுப் போனவர்கள் எடுத்த காணொளிகள். அதற்கும் கீழே, இங்கே வராமலேயே எழுதப்பட்ட பயணக் குறிப்புகள். இந்த ஊரில் பிறந்து, இந்த மலையில் தினமும் ஏறி இறங்குகிற ஒருவர் எழுதியது எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். விரல் வலிக்கும்வரை தள்ள வேண்டியிருக்கும்.

கொழுக்குமலை கதை இன்னும் வேடிக்கை. அது தேனி மாவட்டத்தில், போடி வட்டத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 8,000 அடி உயரம். உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. ஆனால் வண்டி போகும் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாக இருப்பதால், மூணாறில் பார்க்க வேண்டிய இடம் என்றே இணையம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். சூரியநெல்லி ஜீப்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பாதை வைத்திருந்தார்கள், படம் எடுத்தார்கள், எழுதினார்கள். நாம் எழுதவில்லை. வருவாய்த் துறை ஆவணத்தில் ஊர் எங்கே இருக்கிறது என்பதைப் பயணி தேடுவதில்லை. முதலில் கண்ணில் பட்டதை நம்பி வண்டி ஏறுகிறார்.

இது நமக்குப் புதிதும் இல்லை. நூறு ஆண்டுக்கு முன்னாலும் இப்படித்தான் நடந்தது. மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பித்தடத்தில் தொங்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் இறங்கி, கொட்டகுடிக்கு வந்து சேர்ந்தது. கொட்டகுடிக்கு அதனால் பாட்டம் ஸ்டேஷன் என்றே ஒரு பெயர் ஏற்பட்டது. பிறகு மாட்டுவண்டியில் போடி, அப்புறம் கப்பல், அப்புறம் இங்கிலாந்து. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் சிறு ரயிலாக மாறி, 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. அத்தனை ஆண்டு அந்தப் பெட்டிகளை இறக்கி ஏற்றிய நம் ஊர்ப் பெயர் ஒரு டீப் பெட்டியின் மேலும் இருந்திருக்காது.

ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கி மலையில் விளைகிறது. கம்பம், தேவாரம், போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறிப் போகும் பெண்கள் காய் எடுக்கிறார்கள். போடியில் தரம் பிரிக்கிறார்கள். உலகச் சந்தையில் அதற்குப் பெயர் 'ஆலப்பி கிரீன்'. ஆலப்புழையில் ஏலச்செடி வளர்வதில்லை. திருவிதாங்கூர் காலத்தில் அந்தத் துறைமுகத்தில் கிடங்கு இருந்தது, கப்பல் அங்கிருந்து போனது, பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டது. இன்று புவிசார் குறியீடும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. தரத்தின் பெயரிலும் அதே கதை: ஏ.ஜி.இ.பி. என்றால் ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு, ஏ.ஜி.பி. என்றால் ஆலப்பி கிரீன் போல்டு. விளைந்த தோட்டத்துக்கும் பொறுக்கிய கைக்கும் அதில் இடம் இல்லை.

இதை மாற்ற வேண்டும் என்று நான் புரட்சி பேசவில்லை. டன் கணக்கில் விற்கும் சரக்குக்குத் தரப்பெயர்தான் வேண்டும். சவுதியில் வாங்குகிறவருக்கு உங்கள் தோட்டத்தின் பெயர் எதற்கு? ஆனால் கோயம்புத்தூரில் நூறு கிராம் வாங்கும் ஒரு குடும்பத்துக்கு வேண்டும். அந்த நூறு கிராமில் உங்களுக்கு நிற்கும் லாபத்தை ஏலக்கூடத்தில் நிற்கும் லாபத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஏலக்கூடம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஸ்பைசஸ் போர்டு 2007-ல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. போடியிலும் வண்டன்மேடு பக்கம் புற்றடியிலும் வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். அப்படியென்றால் நாம் இணையத்துக்குப் புதியவர்கள் இல்லை. இந்தியாவில் பல ஊர்களுக்குக் கணினி வியாபாரம் வருவதற்கு முன்பே போடிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் மட்டும் மாறவே இல்லை. கணினித் திரையில் லாட் எண் ஓடும்போது, ஒவ்வொரு வியாபாரி முன்னாலும் மாதிரிக் காய் வருகிறது. அவர் அதைக் கொட்டி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைப் பிளந்து, அரிசி கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, மோந்து, கடித்து, அதற்குப் பிறகுதான் விசையை அழுத்துகிறார். விலை கேட்பது கணினி வழியாக. நம்பிக்கை மட்டும் இன்னும் கை வழியாக.

உங்கள் இணையக் கடைக்கு வருகிறவருக்கு அந்தக் கை இல்லை. இன்றைக்கு நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஓர் இல்லாமையிலிருந்து வருகிறது. வாங்குகிறவர் தொட முடியாது, மோக்க முடியாது, உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. அவர் உள்ளங்கைக்குப் பதிலாக நீங்கள் எதைத் தரப்போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை நம் நாட்டு வியாபாரிகள் முன்பே ஒருமுறை சந்தித்திருக்கிறார்கள். 1877-ல் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. சரக்கு தபாலில் வரும், தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திரிகையில் நாலு வரி விளம்பரம் போட்டு, முகம் தெரியாதவர்களுக்குத் தைலமும் புத்தகமும் விற்றார்கள். நிலைத்தவர்கள் உண்டு. ஒரே தவணையில் காணாமல் போனவர்களும் உண்டு. விளம்பரத்தில் சொன்னதும் பொட்டலத்தில் இருந்ததும் ஒன்றாக இருந்தவர்களுக்கு இரண்டாவது கடிதம் வந்தது. தொழில் ஓடுவது அந்த இரண்டாவது கடிதத்தில்தான். இன்றைக்குக் 'கேஷ் ஆன் டெலிவரி' என்று புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஏலக்காய்ப் படத்துக்கு வருவோம். பெரும்பாலோர் செய்வது என்ன? எங்கிருந்தோ ஒரு பளபளக்கும் பச்சைக்காய்ப் படத்தை எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் பச்சை, காயை உலர்த்தும் எந்த ஸ்டோரிலிருந்தும் இறங்காத பச்சை. வாங்குகிறவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிறார். உங்கள் காய் நல்ல காய்தான், படம்தான் பொய். நான் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது. காலை வெளிச்சத்தில், நிழலில், வெள்ளைத் தாளில் காயைக் கொட்டுங்கள். பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வையுங்கள், எட்டு எம்எம் என்றால் எட்டு எம்எம்தான் என்று தெரியட்டும். பத்துக் காயைப் பிளந்து உள்ளே இருக்கும் அரிசியையும் காட்டுங்கள். போனில் நிறத்தை ஏற்றும் வசதியைத் தொடாதீர்கள். சாயம் ஏற்றிய காயைப் பிடிக்க ஸ்பைசஸ் போர்டு எத்தனையோ எச்சரிக்கை விட்டிருக்கிறது. காயில் ஏற்றாத சாயத்தைப் படத்தில் ஏற்றுவானேன்?

படத்துக்குக் கீழே எழுதுவதை நான் இப்படி எழுதுவேன்: "எட்டு எம்எம் காய். அக்டோபர் எடுப்பு. எங்கள் ஸ்டோரில் விறகுச் சூட்டில் உலர்த்தியது. பச்சைக்காய் ஐந்து கிலோ போட்டால் உலர்ந்தது ஒரு கிலோதான் கிடைக்கும், அதனால்தான் இந்த விலை. வெடித்த காய் கொஞ்சம் இருக்கும். பாயசத்துக்கும் டீக்கும் அது போதும் என்றால் விலை குறைவான காயும் தருகிறோம்." இதில் 'பாரம்பரியம்', 'இயற்கையின் வரம்', 'உலகத்தரம்' எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்தவருக்கு உங்கள் ஸ்டோருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தது போல் இருக்கும். குறையையும் சேர்த்துச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கே உங்கள் மேல் நம்பிக்கை பிறக்கிறது.

விலை போடலாமா என்று எப்போதும் கேட்பார்கள். போட வேண்டும். 'விலைக்குத் தொடர்பு கொள்ளவும்' என்று போட்டால் பாதிப் பேர் தொடர்பு கொள்ள மாட்டார்கள். ஆனால் ஏலக்காய் விலை ஒரே இடத்தில் நிற்கிற விலை இல்லை. 2019 ஆகஸ்டில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குள் அது ஆயிரத்தை ஒட்டி வந்து நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே விலைக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள். 'இன்று' என்று மட்டும் எழுதினால், எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறவருக்கும் அது இன்றுதான்.

பொட்டலத்தில் விற்கிறவர்களுக்குச் சட்டமும் சிலவற்றைக் கேட்கிறது. உணவுப் பொருள் என்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் வேண்டும். எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண், இவையெல்லாம் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். 2018 தொடக்கத்திலிருந்து இணையத்தில் விற்கும் பக்கத்திலும் அநேகமாக இதையெல்லாம் காட்டியாக வேண்டும். இதைத் தொல்லை என்று நினைக்கிறவர்கள் அதிகம். என்னைக் கேட்டால், முகம் தெரியாத ஒருவர் உங்களை நம்புவதற்கு அரசாங்கமே எழுதித் தந்த வாசகம் அது. மறைக்காமல் கண்ணில் படும்படி போடுங்கள்.

சரி, இதையெல்லாம் எங்கே போடுவது? ஃபேஸ்புக்கா, இன்ஸ்டாகிராமா, வாட்ஸ்அப்பா, சொந்த வலைத்தளமா? இங்கே தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் குத்தகை நிலம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. குத்தகை நிலத்தில் ஏலம் வைக்கலாம், காய் எடுக்கலாம், ஆனால் நிலத்துக்காரர் விடு என்றால் விட வேண்டும், செடியும் சேர்ந்து போகும். மற்றவர் மேடையில் கட்டிய கடை எல்லாம் குத்தகை நிலம்தான். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். காரணம் நாட்டுப் பாதுகாப்பு; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அதில் சேலையும் ஊறுகாயும் விற்றுக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்களுக்கு, பல லட்சம் பேர் பின்தொடர்ந்த கணக்கு ஒரே இரவில் இல்லாமல் போனது. அது அரசாங்கம் செய்தது என்பீர்கள். கூகுள் தானாகச் செய்ததும் உண்டு. வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இலவசமாக ஒரு சிறு வலைத்தளம் கொடுத்தார்கள். நிறையப் பேர் அதை அட்டையில் அச்சடித்து வைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் அந்த வலைத்தளங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அச்சடித்த அட்டை மட்டும் மிச்சம்.

அதனால் குத்தகை நிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டம் அங்கேதான் இருக்கிறது, அங்கே போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் பட்டா நிலம் ஒரு துண்டாவது இருக்கட்டும். உங்கள் தொழிலின் பெயரில், டாட் இன் என்று முடியும் ஒரு வலை முகவரியை ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் வாங்கலாம். ஒரே ஒரு பக்கம் போதும். பெயர், என்ன விற்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்போது திறந்திருக்கும், எந்த எண்ணில் பேசுவது. மற்ற மேடைகள் எல்லாம் அந்த முகவரியைக் காட்டட்டும். அவற்றில் எது நாளைக்கு மூடினாலும் உங்கள் வாடிக்கையாளருக்கு உங்கள் வாசல் தெரியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். வலைத்தளம் செய்து தருகிறேன் என்று வருகிறவர், வேலை சுலபமாகட்டும் என்று முகவரியைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிடுவார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர் ஓசூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விடுவார். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவர் பெட்டிக்கு வரும், அவர் பார்க்க மாட்டார், உங்கள் பெயர் கைமாறும். பத்திரப்பதிவில் நிலத்தைத் தரகர் பெயரில் எழுத விடுவீர்களா? பணம் கொடுக்கும் முன், பதிவு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

கூகுள் மேப்பில் உங்கள் கடை ஏற்கெனவே இருக்கலாம், உங்களுக்கே தெரியாமல். யாரோ ஒரு பயணி சேர்த்திருப்பார். அதில் போன் எண்ணையும் நேரத்தையும் யார் வேண்டுமானாலும் திருத்தச் சொல்லி எழுதலாம். வங்கிகளின் எண்ணையே இப்படி மாற்றிவைத்து மக்களை ஏமாற்றிய சங்கதி செய்தித்தாளில் வந்திருக்கிறது. ஆகவே போய் அது உங்களுடையது என்று உரிமை கோருங்கள். மலைப்பகுதியில் இன்னொரு சிக்கல்: அம்புக்குறி ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கும். கொண்டை ஊசி வளைவில் இரவு எட்டு மணிக்கு ஒரு குடும்பம் வழி தவறி நின்றால் அந்த அம்புக்குறிதான் காரணம். உங்கள் வாசலில் நீங்களே நின்று, போனை வைத்து, குறியை நகர்த்துங்கள்.

இப்போது குரங்கணித் தம்பிகளுக்கு. உங்கள் தொழில் ஏலக்காயைவிடப் பொறுப்பு கூடியது. ஏலக்காய் மோசமாக இருந்தால் பாயசம் கெடும், அவ்வளவுதான். நீங்கள் மனிதர்களை மலைக்கு அழைக்கிறீர்கள்.

2018-ல் நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் இந்தத் தலைப்பில் பேசும்போது அதைத் தாண்டிப் போகவும் முடியாது. சென்னையிலிருந்தும் ஈரோடு பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், இணையத்தில் ஒருவரை ஒருவர் கண்டு, இணையத்தில் பதிவு செய்து, இங்கே வந்தார்கள். மார்ச் மாதத்தில் போதைப்புல் எப்படிக் காய்ந்து கிடக்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பும், தீ சரிவில் ஏறும் வேகம் என்ன என்பதெல்லாம் இந்த ஊரில் ஆடு மேய்க்கும் பையனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தது அவர்கள் படித்த பக்கத்தில் இல்லை. அவனை யாரும் கேட்கவில்லை, அவன் எழுதவும் இல்லை. பழி யார்மேல் என்பதை விசாரணை பார்த்தது. நான் சொல்வது வேறு. தகவல் இருந்த இடம் ஒன்று, தகவல் தேடப்பட்ட இடம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை யாரோ நிரப்பத்தான் செய்வார்கள். நாம் நிரப்பாவிட்டால் தெரியாதவர்கள் நிரப்புவார்கள்.

அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது; குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. அந்தந்த ஊர்க்காரர்களையே வழிகாட்டிகளாகப் பழக்கி அனுப்புகிறார்கள். தீப்பிடிக்கும் மாதங்களில் பாதையை மூடுகிறார்கள். இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. சில தங்குமிடக்காரர்கள் இதைத் தங்கள் வருமானத்துக்கு வந்த இடைஞ்சலாகப் பார்க்கிறார்கள். அவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. பதிவு எங்கே செய்வது, எந்த மாதம் மூடியிருக்கும் என்பதை உங்கள் பக்கத்தின் முதல் வரியாகப் போடுங்கள். "பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுக்குள் நடக்க முடியாமல் போகலாம். வனத்துறை அனுமதி இல்லாமல் நாங்கள் யாரையும் அழைத்துப் போவதில்லை. அப்போது வந்தால் ஓடை, தோட்டம், காபி, நல்ல சாப்பாடு உண்டு." இப்படி எழுதினால் வருகிறவர் குறைவார் என்று பயப்படாதீர்கள். குழந்தையோடு வரும் குடும்பம் இதைப் படித்துவிட்டுத்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கும்.

'வராதீர்கள்' என்று சொல்லத் தெரிந்த வியாபாரப் பக்கங்கள் மிகக் குறைவு. மழை பிடித்தால் ஜீப் பாதை எப்படி இருக்கும், அட்டை கடிக்குமா, மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், இவை எல்லாம் வருகிறவர் மனதில் ஓடுகிற கேள்விகள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார். நீங்களே எழுதிவிடுங்கள்.

எப்படி வருவது என்பதையும் நீங்களே எழுத வேண்டியிருக்கிறது. போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் தண்டவாளம் சும்மா கிடந்து, 2023 ஜூனில் அகலப் பாதையில் ரயில் திரும்ப வந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து நேராக ஏறி உட்கார்ந்தால் காலையில் போடி. ஆனால் பழைய பயணக் குறிப்புகள் இன்னும் பயணியை மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இறக்கிவிட்டுக்கொண்டிருக்கும். அவற்றை எழுதியவர்களுக்கு நம் ரயில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? உங்களுக்குத்தான் அது வியாபாரம். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் எப்படிப் போவது, அங்கிருந்து குரங்கணிக்குப் பதினாறு கிலோமீட்டர், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, தவறவிட்டால் யாரைக் கூப்பிடுவது, இவ்வளவு போதும். நேரம் மாறினால் அன்றைக்கே திருத்துங்கள்.

போன் விஷயம். மேலே ஏறினால் சிக்னல் இல்லை, மழை என்றால் கீழேயும் இல்லை. சென்னையில் இருப்பவருக்கு இது புரியாது. ஐந்து நிமிடத்தில் பதில் வரவில்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். வாட்ஸ்அப் பிசினஸ் என்று 2018-லிருந்து தனியாக ஒன்று இருக்கிறது, இலவசம்தான். அதில் தானாகப் போகும் பதிலை வைத்துக்கொள்ளலாம். அதில் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று அளக்காதீர்கள். "பகலில் மலையில் இருப்போம், சிக்னல் இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கட்டாயம் பதில் தருவோம்" என்று எழுதுங்கள். எழுதிவிட்டு ஆறு மணிக்குப் பதில் தாருங்கள்.

விமர்சனம் எழுதுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து நட்சத்திரம் விலைக்கு விற்கிறார்கள். வாங்காதீர்கள். பொய் விமர்சனத்தைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஒரு தரக்குறிப்பே வெளியிட்டது. அது இருக்கட்டும், வாசிக்கிறவருக்கே வாடை தெரிந்துவிடுகிறது. குரங்கணி மெஸ்ஸைப் பற்றி ஒரே வாரத்தில் இருபது பேர் ஒரே மாதிரி வாக்கியத்தில் புகழ்ந்தால் யார் நம்புவார்? மோசமாக எழுதியவருக்குக் கோபத்தில் பதில் எழுதாதீர்கள். இரவில் எழுதவே வேண்டாம். 'தண்ணீர் சூடாக இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால், "ஆமாம், அன்றைக்கு மூன்று நாள் மழை, விறகு நனைந்துவிட்டது, இப்போது கேஸ் வைத்திருக்கிறோம்" என்று இரண்டு வரி. அந்தப் பதில் அவருக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. அவருக்குப் பின்னால் நூறு பேர் அதைப் படிக்கப் போகிறார்கள். சண்டைக்காரர் வீட்டில் யார் தங்குவார்?

மொழி பற்றி ஒரு சந்தேகம் பலருக்கு உண்டு. ஆங்கிலத்தில் இருந்தால்தான் மதிப்பு என்று நினைத்து, பிழையான ஆங்கிலத்தில் எழுதி, உள்ள மதிப்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் தமிழில் எழுதுங்கள், உங்கள் வாயில் வருகிற தமிழில். மதுரைக்காரரும் திருப்பூர்க்காரரும் இப்போது போனைப் பிடித்துப் பேசித்தான் தேடுகிறார்கள். தமிழில் பேசினால் புரிந்துகொள்கிறது. ஆங்கிலம் இரண்டாவதாக இருக்கட்டும், தெரிந்தவரிடம் காட்டி. மலையாளத்திலும் நாலு வரி போடச் சொல்வேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நம் சரக்கை வாங்க நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? போடி, போடிநாயக்கனூர் என்று இரண்டு பெயரையும் போடுங்கள். தேடுகிறவர் எதைச் சொல்வார் என்று நமக்கென்ன தெரியும்.

காய் பொறுக்கும் பெண்களையும் மெத்தை தைக்கிறவர்களையும் படம் எடுத்துப் போடும் வழக்கம் வந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்காமல் போட்ட படம் ஊர்முழுக்கச் சுற்றி, வீட்டில் சண்டையாகி நிற்கும். சம்மதித்தால் பெயரோடு போடுங்கள். நூறு ஆண்டாக ஆலப்பி என்று எழுதிய மூட்டையில் போனது போதும் இல்லையா?

கடைசியாக, யார் இதையெல்லாம் பார்த்துக்கொள்வது? கல்லூரியில் படிக்கும் பிள்ளை விடுமுறையில் செய்துவிட்டுப் போகும், அடுத்த விடுமுறை வரை அது அப்படியே கிடக்கும். பிள்ளை வேலைக்குப் போனால் கடவுச்சொல்லும் கூடவே போகும். இந்த ஊரில் பல கடைகளின் பக்கம் அப்படித்தான் பாதியில் நிற்கிறது. தீபாவளிச் சலுகை என்று போட்டது சித்திரையிலும் இருக்கும். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், கடையில் உட்காருகிறவரே பார்க்க வேண்டும். புதிய படம் ஒன்று, தேதி போட்ட விலை, வந்த கேள்விகளுக்குப் பதில், இவ்வளவுதான் வேலை. கடவுச்சொற்களைப் பழைய கணக்கு நோட்டில் எழுதி, பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னும் ஒருவருக்காவது அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

நான் பேச நினைத்தது இவ்வளவுதான். கேள்விகள் இருக்கும். முன்வரிசையில் ஓர் அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடம் மைக்கைக் கொடுங்கள்.